வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் சிங்களம்: 22,000 ரூபாவுக்கு என்ன கிடைத்தது

போன கிழமைதான் சான்றிதழைக் கையில் தந்தார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்லது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை. கீழே தையல் கடை, அதற்கு மேலே பல் டொக்டர், அதற்கும் மேலே மூன்றாம் மாடியில் இந்தக் கிளாஸ். தமிழ் ஆட்களுக்குக் கொம்பியூட்டரில் பேச்சுச் சிங்களம் என்று படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பெயர் போடமாட்டேன், ஏனென்றால் குறையும் எழுதப்போகிறேன், நடத்துகிற சேர் நல்ல மனுசன், பிளேன்டீ எல்லாம் வாங்கித் தந்தவர். மூன்று மாதம், கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் 5.30 முதல் 7 மணி வரை. 22,000 ரூபா, ஒரே தடவையில் கட்ட வேண்டும். 12 கொம்பியூட்டர், 12 ஹெட்போன். ஏசி உண்டு, லிஃப்ட் இல்லை.

திங்களும் புதனும் முழுக்க டிரில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் திரையில் ஒரு வசனம் வரும், அதில் ஒரு சொல்லை மாற்று, இடைவெளியை நிரப்பு, கேட்டதைத் தட்டெழுது, படத்தைப் பார்த்துத் தெரிவு செய், சரி என்றால் மணிச்சத்தம், பிழை என்றால் தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு சிங்கள மிஸ் வந்து எங்களோடு கதைப்பார்.

நான் பருத்தித்துறை. கொழும்புக்கு வந்து ஆறு வருசம். வெள்ளவத்தையில் இருந்தால் சிங்களம் இல்லாமலே சீவித்துவிடலாம் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், மரக்கறிக் கடை, மருந்துக் கடை, சலூன், கோயில் எல்லாம் தமிழில் நடக்கும். 101 பஸ்ஸில் ஏறின பிறகுதான் பிரச்சினை. ஆறு வருசமாகக் கொஞ்சம் இங்கிலிஷையும் நிறையச் சிரிப்பையும் வைத்துச் சமாளித்தவன். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பரம்பரைக் காரணமும் உண்டு: அப்பப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர், 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சிங்களப் பரீட்சை எழுதமாட்டேன் என்று முன்கூட்டியே பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவர். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியபோது அவர் உயிரோடு இல்லை. பேரன் 22,000 கட்டிப் படிக்கிறான் என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று முதல் நாள் படி ஏறும்போது யோசித்தேன்.

கிளாஸில் பாதிப்பேர் அரசாங்க ஊழியர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கைக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி வேண்டும், அதற்காக வந்தவர்கள். அவர்களுக்குப் பரீட்சை முக்கியம். எனக்குக் கொண்டக்டர் முக்கியம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

டிரில் என்றாலே படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கிளிப்பிள்ளைப் பாடம், மொழி அப்படி வராது, கதைத்துக் கதைத்துத்தான் வரும் என்பார்கள். இந்தச் சண்டை பழசு. 50களிலும் 60களிலும் டேப் ரெக்கோடர் வைத்து ஒரே வசனத்தை நூறு தடவை சொல்லவைத்துத்தான் மொழி படிப்பித்தார்கள், பழக்கமே மொழி என்பது அப்போதைய நம்பிக்கை. 1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கொம்பியூட்டர் படிப்பிப்பு முறையைத் தொடங்கினார்கள், பிற்பாடு மொழிப் பாடங்களும் அதில் ஏறின. கொம்பியூட்டருக்கு அந்தக் காலத்தில் நன்றாகச் செய்யத் தெரிந்தது அதுதான்: கேள், சரி பார், திரும்பக் கேள். அலுக்காது, கோபிக்காது. பிறகு அந்த நம்பிக்கைக்கு மதிப்புப் போய்விட்டது, டிரிலும் சேர்ந்தே அடிவாங்கியது. வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, தவளைச் சத்தத்தோடு.

மூன்று மாதம் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பக்கமும் பாதிதான் சரி. எந்த டிரில் என்பதைப் பொறுத்தது.

முதல் நாலு கிழமை கிட்டத்தட்ட வீண். "மம கெதர யனவா" என்று வரும், நான் வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம், பக்கத்தில் "கடே" என்று ஒரு சொல் மின்னும், நாங்கள் "மம கடேட்ட யனவா" என்று அடிக்க வேண்டும். பிறகு ஒபிஸ், பிறகு பன்சல, பிறகு இஸ்கோலே. இருபது வசனம். மூன்றாவது நாள் நான் போனை மடியில் வைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்தேன், இருபதுக்குப் பத்தொன்பது. பன்சல என்றால் விகாரை என்று அப்போது எனக்குத் தெரியாது! கருத்து தெரியாமலே சரி எடுக்கக்கூடிய டிரிலை, இயந்திரத்தனமான டிரில் என்று போல்ஸ்டன் என்ற மொழியியலாளர் 1970லேயே தனியாகப் பிரித்து வைத்துவிட்டார், அதற்கு அடுத்தது கருத்து விளங்கினால்தான் செய்யமுடிகிற டிரில், அதற்கும் அடுத்தது கேட்கிறவருக்கே பதில் தெரியாத, உண்மையான தகவலைச் சொல்லவேண்டிய டிரில். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகியும் எங்களுக்கு விற்கிறது பெரும்பாலும் முதல் வகைதான்.

இன்னொரு எரிச்சல். இந்தப் பாடத்தை ஆரம்பத்தில் ஆரோ வெள்ளைக்காரருக்கு எழுதி, பிறகு தமிழில் மாற்றியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். வினைச்சொல் கடைசியில் வரும் என்று பழக்க ஒரு கிழமை. ஐயா, எங்கள் மொழியிலும் அது கடைசியில்தான் வருகிறது! "மட்ட ஓனே" என்பதற்கு அறுபது டிரில். மட்ட என்றால் எனக்கு, ஓனே என்றால் வேணும், எனக்கு வேணும், முடிந்தது கதை. "மம அஹனவா" என்றால் நான் கேட்கிறேன், "மட்ட எஹெனவா" என்றால் எனக்குக் கேட்குது. இங்கிலிஷ்காரனுக்கு இது தலை சுற்றும், எனக்கு அம்மா சொல்லித்தந்த மாதிரி இருந்தது. தமிழ் ஏற்கெனவே கொண்டுபோய் விடுகிற இடத்துக்கு எங்களை நடத்திக் கூட்டிப்போய்க் காசு வாங்குகிறார்கள்.

ஆனால் ஐந்தாம் கிழமை தியெனவா, இன்னவா வந்தது. அங்கேதான் நான் பணம் கட்டியதற்கு அர்த்தம் இருந்தது.

தமிழில் புத்தகமும் இருக்கு, பூனையும் இருக்கு. சிங்களத்தில் உயிருள்ளது "இன்னவா", உயிரில்லாதது "தியெனவா". அம்மா கெதர இன்னவா, பொத மேசே உட தியெனவா. விதி ஒரு வரிதான், ஆறு வருசமாக எனக்குத் தெரியும், ஆறு வருசமாகப் பிழையாகத்தான் கதைத்தேன். தெரிந்திருப்பது வாய்க்கு உதவாது. இந்த டிரிலில் ஒரு படம் வரும், நாலு செக்கனுக்குள் முழு வசனத்தையும் சொல்லிச் சரியான பொத்தானை அழுத்த வேண்டும், பிந்தினால் தவளை. நாய், கதிரை, எறும்பு, பஸ். பிறகு மாமரம் வரும். மரத்துக்கு உயிர் இருக்கிறதே என்று யோசித்தால் போச்சு, மரம் தியெனவா. பிறகு மீன். தொட்டியில் நீந்தினால் இன்னவா, சட்டியில் கிடந்தால் தியெனவா. எங்கள் கிளாஸ் அக்கா ஒருவர் சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருசமாக "மாலு இன்னவாத", மீன் இருக்கா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஏன் ஒவ்வொரு தடவையும் சிரித்தார் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

இந்த டிரிலைப் படம் பார்க்காமல் செய்யமுடியாது, போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டும் செய்யமுடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், அந்த முடிவும் தமிழ் மூளை வழக்கமாக எடுக்காத முடிவு. முந்நூறு தடவையாவது செய்திருப்பேன். எந்த மிஸ்ஸும் முந்நூறு தடவை என்னை இதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், கேட்டாலும் நான் வெட்கத்தில் ஓடியிருப்பேன். கொம்பியூட்டர் சிரிக்காது. வயது வந்த ஆளுக்கு இது சின்ன விசயம் இல்லை.

அதே மாதிரி இன்னொன்று, கேள்வி. "இந்த பஸ் புறக்கோட்டைக்குப் போகுமா" என்பதற்கு "மே பஸ் எக்க பிட்டகொட்டுவட்ட யனவாத". சுகம். ஆனால் எங்கே, ஏன், எப்போது வந்துவிட்டால் வினை மாற வேண்டும், "கொஹேத யன்னே". நாங்கள் எல்லாரும் "கொஹேத யனவா" என்றுதான் கதைப்போம், எங்கள் சிங்களத்தைக் காட்டிக்கொடுப்பது உச்சரிப்புக்கு அடுத்தபடியாக இதுதான். மிஸ் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார், "நீங்கள் தமிழில் எங்க போறது என்று கேட்பீர்கள்தானே, அந்தப் போறதுதான் யன்னே" என்று. அந்த ஒரு வசனம் கொம்பியூட்டரில் எங்கேயும் இல்லை. அது கிடைத்த பிறகு டிரில் செய்தால் பத்து நிமிசத்தில் பிடிபட்டது, அதற்கு முதல் இரண்டு மணித்தியாலம் தவளையோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

காதுக்கான டிரிலும் நல்லது, குறைவாக இருக்கிறது என்பதுதான் கவலை. மலைக்கும் "கந்த", மரத்தின் அடித்தண்டுக்கும் "கந்த". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, ஆனால் மலையில் நகர ஒலி முழுசாக நிற்கும், தண்டில் அது மூக்கைத் தொட்டுவிட்டு உடனே ஓடிவிடும். முதல் நாள் எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை, காசு போட்டுப் பார்ப்பது மாதிரி அழுத்தினேன். இரண்டு கிழமை தினமும் பதினைந்து நிமிசம் கேட்டதில் பத்துக்கு எட்டு வந்தது. சொல்லத்தான் இன்னும் வரவில்லை, மிஸ் கேட்டால் மலையில்தான் ஏறுகிறேன்.

இறந்தகாலமும் அப்படித்தான். பலனவா என்பது பெலுவா ஆகும், அந்த எகரத்தை வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டும். ஹொயனவா ஹெவ்வா ஆகும், துவனவா திவ்வா ஆகும். அ, ஒ, உ மூன்றும் முன்னுக்கு நகர்கிறது என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, ஆனால் அதை நிரல் போட்டு விளக்காமல் நாற்பது வினையைக் கலைத்துக் கலைத்துத் தந்தார்கள், மூன்றாம் நாள் ஒழுங்கு தானாகக் கண்ணில் பட்டது. கண்டுபிடித்த சந்தோசம் எனக்கு. சேர் அதைத் திட்டம் போட்டுச் செய்தாரா, இல்லை விளக்கம் எழுதப் பஞ்சிப்பட்டாரா என்று கேட்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன், கொஞ்சம் நீளம்.

பிழை என்றால் ஏன் பிழை என்று சொல்லாது. "வெரதி", தவளை, அடுத்தது. அதே பிழையை எட்டுத் தடவை விட்டேன், எட்டுத் தடவையும் அதே தவளை. இது 1960இல் மன்னிக்கக்கூடியது.

தட்டெழுதும் டிரில்தான் எல்லாவற்றிலும் மோசம். ஸ்ரீ லங்கா என்ற நாட்டின் பெயரை நான் பிழையாக எழுதுகிறேன் என்று இந்த மென்பொருள் ஒரு மணித்தியாலம் அடம்பிடித்தது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தேன், திரையில் இருக்கிற மாதிரியேதான் இருக்கிறது. கடைசியில் கொம்பியூட்டர் படித்த ஒரு தம்பி கண்டுபிடித்தான்: சிங்களத்தில் ஸ்ரீ மாதிரி மெய்யோடு ரகரத்தை ஒட்டுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி நடுவில் வரவேண்டும், விடைத்தாளில் அது இருக்கிறது, என் விசைப்பலகையில் அடித்ததில் அது விழவில்லை. தமிழிலும் ஸ்ரீக்கு இரண்டு விதமான குறியீடு ஓடுகிறது, அது எங்கள் தலைவிதி, ஆனால் காசு வாங்கிப் படிப்பிக்கிற மென்பொருள் இதைக் கவனித்திருக்க வேண்டாமா? சேரிடம் சொன்னேன், "எழுதினவரிடம் சொல்லுகிறேன்" என்றார். இன்னும் அப்படியே இருக்கிறது.

ல ள, ன ண வேறுபாடும் அப்படித்தான். சிங்களத்தில் எழுத்தில் இரண்டு இருக்கிறது, பேச்சில் ஒன்றுதான். பேச்சுச் சிங்களம் என்று விற்றுவிட்டு எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்டினால் என்ன நியாயம்?

பிறகு அந்த உரையாடல்கள். பத்தாம் பாடத்தில் திடீரென்று "மம யமி" என்று ஒருவர் கதைக்கிறார். அது எழுத்துச் சிங்களம். பேச்சில் நானும் யனவா, நீயும் யனவா, அவரும் யனவா, அவ்வளவு லேசு. நான் இதை அறியாமல் அலுவலகத்தில் "மம யமி" என்று சொல்லிவிட்டு எழும்ப, பக்கத்து மேசைக்காரர் ரூபவாஹினி டிவி செய்தி முடிந்துவிட்டதா என்று கேட்டார். பரீட்சை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படலாம். பஸ்ஸில் போகிறவனுக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ஒரு பாடத்தை முடித்தால் அது திரும்ப வராது. ஐந்தாம் கிழமை முந்நூறு தடவை செய்ததைப் பத்தாம் கிழமை ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. மறதியைப் பற்றி எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே எழுதிவைத்துவிட்டார், இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்டால்தான் தங்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. திரும்பத் திரும்ப வாசிப்பதை விட மூளையைக் கசக்கி வெளியே எடுப்பது நல்லது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிசத்துக்குப் பிறகு கூடுதலாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு கிழமை கழித்து முன்னுக்கு நின்றவர்கள் நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள். மூன்றாம் மாடியில் தருகிற புள்ளி எல்லாம் அந்த ஐந்து நிமிசப் புள்ளிதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று காட்டும், காலி வீதிக்கு இறங்குவதற்குள் பாதி கொட்டிவிடும்.

இதை நான் அங்கி வைத்துச் சமாளித்தேன். 2006இல் வந்த இலவச மென்பொருள், ஐபோனுக்கு மட்டும் காசு. பெயரைத் தமிழில் எழுதினால் பாதிரியார் போடுகிற அங்கி மாதிரி இருக்கும், ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். பிழைவிட்டதை நாளைக்கே கேட்கும், சரியாகச் சொன்னதை நாலு நாள் கழித்து, பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம். கிளாஸில் தவளை கத்திய வசனங்களை மட்டும் அன்றிரவே அட்டையாகப் போட்டுக்கொள்வேன், தனிச்சொல்லாக இல்லை, முழு வசனமாக, முன்பக்கம் தமிழ், பின்பக்கம் சிங்களம், வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்புவது என்று ஒரு சட்டம். காலையில் பஸ்ஸுக்குள் பன்னிரண்டு நிமிசம். டுவோலிங்கோ என்ற மொழி ஆப்பில் சிங்களம் இல்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. உண்மையில் நான் படித்ததில் பாதிக்கு மேல் இந்த அட்டைகளில் இருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் எதை அட்டையாகப் போடவேண்டும் என்று எனக்குக் காட்டித்தந்தது அந்தத் தவளைதான், அதையும் சொல்லவேண்டும்.

அப்புறம் வெள்ளிக்கிழமை. மிஸ் மேசையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கேட்பார். "ஒயாகே கெதர கவுத இன்னே?" உங்கள் வீட்டில் ஆர் இருக்கிறார்கள்? கொம்பியூட்டரும் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறது, அதற்கு அம்மா, அப்பா, தங்கச்சி என்று திரையில் இருக்கிற குடும்பத்தைச் சொல்லி மணி வாங்கியிருக்கிறேன். மிஸ்ஸுக்கு என் வீடு தெரியாது. நான் கொஞ்சம் யோசித்து "மம விதரய் இன்னே" என்றேன், நான் மட்டும்தான். அனெக்ஸில் தனியாக இருக்கிறவன். அவர் "அனே" என்றார், பிறகு எங்கே சாப்பிடுகிறீர்கள், ஆர் சமைக்கிறது என்று கேள்விக்கு மேல் கேள்வி, நானும் பிழையும் சரியுமாக ஏழெட்டு நிமிசம் கதைத்தேன். என் வாழ்க்கையில் நான் சிங்களத்தில் தொடர்ந்து கதைத்த முதல் ஏழெட்டு நிமிசம். அந்த "இன்னே" யோசிக்காமல் வந்தது டிரிலால்தான். அதைச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது மிஸ்ஸால்தான். இரண்டு நாள் கொம்பியூட்டர், ஒரு நாள் மனுசி என்பது பிழையான கணக்கு, ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் கட்டணம் கூடும் என்று சேர் சொல்வார், கூடட்டும்.

போன மாதம் ஒரு நாள் காய்ச்சலோடு வீட்டில் நின்றுவிட்டு மறுநாள் அலுவலகம் போனபோது, வாசலில் நிற்கிற செக்கியூரிட்டி அண்ணை "ஈயே ஆவே நேனே" என்றார், நேற்று வரவில்லையே என்று. "மட்ட அசனீப உனா", எனக்குச் சுகமில்லாமல் போச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்த பிறகுதான், நான் தமிழில் யோசிக்கவே இல்லை என்று எனக்கு உறைத்தது. உனா இறந்தகால டிரிலில் முப்பத்தோராவது வினை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். ஒரு சொல்லும் தெரியாதவர்கள் சேரலாம். என்னை மாதிரி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் முதல் நாலு கிழமையைத் தாண்டி ஐந்தில் இருந்து சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், எனக்கு முடியாது என்றார்கள், எனக்குப் பின்னால் வந்த ஒருவருக்கு முடியும் என்றார்களாம். இரண்டாம் கட்டத்துக்கு நான் பணம் கட்டவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டேன், அப்படி ஒரு கட்டணம் இல்லை என்றார் சேர், பிறகு யோசித்துவிட்டு மாதம் 4,000 என்றார், சரி என்றுவிட்டேன். ஏழாம் நம்பர் கொம்பியூட்டரில் இருக்காதீர்கள், ஹெட்போனில் இடது காது வேலை செய்யாது, கந்தவும் கந்தவும் இன்னும் ஒன்றாகக் கேட்கும்.